பகலில் தூங்குபவளின் அறை

அவள் அதுவரை செய்து முடித்திருந்த பதினொரு அறைகளில் ஒன்றில்கூட யாரும் இருமியதில்லை. ஈரத் துண்டைக் கதவின் மேல் போட்டதில்லை. எந்த அறைக்குள் எட்டிப் பார்த்தாலும் மணி மாலை நாலரையாக இருக்கும். வெயில் இடப்பக்க ஜன்னல் வழியாக இறங்கி, தரையில் ஒரு கட்டமாக விழுந்து, அங்கேயே நின்றுவிடும். சாடியில் ஒரே ஒரு கிளை, அலமாரியில் தலைப்பில்லாத புத்தகங்கள். கணினியில் வரைந்த அறைகளில் யார் வந்து இருமப் போகிறார்கள்?

உள்ளலங்காரம் படித்துவிட்டு ஒன்பது மாதமாக வேலை தேடிக்கொண்டிருந்த அவள், அக்கா வீட்டில் தங்கியிருந்தாள். வீட்டில் அவள் சின்னவள். அக்காவின் கணவர், அவள் கைப்பையில் எந்நேரமும் அளவு நாடா இருப்பதைப் பார்த்து, 'டேப்பு' என்று பெயர் வைத்திருந்தார். காலையில் ஒரு டைல்ஸ் கடையில் அரைநாள் வேலை. மதியம் நூலகத்தில் கணினியும் கையுமாக உட்கார்ந்து தன் அறைகளுக்குள் உலாவுவாள். பஸ்ஸில் போகும்போதுகூட ஏதாவது ஓர் அறையின் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விடுவாள். சோபாவை ஒரு சாண் தள்ளிப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், இறங்க வேண்டிய நிறுத்தம் பின்னால் போய்க்கொண்டிருக்கும்.

மூன்று நிறுவனங்கள் அவளுடைய படத்தொகுப்பைப் பார்த்துவிட்டு நன்றி சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தன. நான்காவது, அவள் சேர வேண்டும் என்று உண்மையிலேயே ஏங்கிய இடம். அங்கிருந்து தலைமை வடிவமைப்பாளரே எழுதியிருந்தார்: "படங்கள் நன்றாக இருக்கின்றன. ஆனால் இவற்றில் யாரும் இல்லை. யாராவது வாழ்கிற அறை ஒன்றைச் செய்து முடித்து, அதன் புகைப்படத்துடன் இருபத்தெட்டாம் தேதி காலை நேரில் வாருங்கள்."

கடிதத்தைச் சின்னவள் ஏழெட்டு முறை படித்தாள். வாழ்கிற அறைக்கு எங்கே போவது?

"யார்டி கொடுப்பாங்க?" என்றார் அத்தான். "புதுசா படிச்சுட்டு வந்த டாக்டர்கிட்ட யாராவது வயித்தக் காட்டிப் படுப்பாங்களா?"

"நான் படுக்கறேன்," என்றாள் அக்கா. "எங்க ரூம எடுத்துக்கோ. என்ன வேணா பண்ணு."

அக்கா ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் இரவு வேலை பார்த்தாள். தொலைபேசியில் வருகிறவர்களை அமைதிப்படுத்தி, விலாசம் கேட்டு, வண்டியை அனுப்பிவைப்பது அவள் வேலை. காலை எட்டரைக்கு வீடு வந்து, மூன்றரை வரை தூங்குவாள். அத்தான் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஏழரைக்கே கிளம்பிவிடுவார். "நாங்க ஒரே கட்டில்ல ரெண்டு ஷிஃப்ட்," என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். "அவ எறங்கினா நான் ஏறணும். தலகாணி ஆறவே ஆறாது."

அந்த மாடி அறையைப் பார்த்தால் படித்தவளுக்குக் கண் உறுத்தும். கிழக்கு ஜன்னலில் பாதியை மறைத்துக்கொண்டு ஒரு பெரிய இரும்பு பீரோ நின்றது. மீதிப் பாதியில் பழுப்புக் கம்பளி ஒன்றை ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். கதவடியில் பழைய பஞ்சுத் துண்டு. சுவருக்கு ஆறிப்போன டீயின் நிறம். சின்னவள் அங்கே அளவெடுக்கப் போனதெல்லாம் மாலையில், அக்கா எழுந்து குளிக்கப் போன பிறகுதான். தூங்குகிறவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற அக்கறை. கம்பளியைக் கழற்றியதும் எதிர் வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் பால் போல உள்ளே வந்தது.

"இவ்வளவு நல்ல வெளிச்சத்த இத்தன நாளா ஒளிச்சு வெச்சிருந்தியா!" என்று அவள் கத்தியது குளியலறை வரை கேட்டது.

அக்காவும் அத்தானும் நாலு நாள் வெளியூர் போன சமயத்தில் வேலை நடந்தது. பீரோ உள்சுவருக்குப் போனது. சுவர்கள் வெள்ளையாயின. ஜன்னலில் ஊதினால் பறக்கும் மெல்லிய திரை. அறை பெரிதாகத் தெரிய வேண்டும் என்று ஜன்னலுக்கு நேர் எதிரே ஆளுயரக் கண்ணாடி. தெரிந்த போட்டோக்காரர் ஒருவர் மாலை ஐந்து மணிக்கு வந்து, கேமரா முக்காலியை நாலு இடத்தில் நட்டு, நாற்பது படம் எடுத்தார். அதில் ஒன்று பிரமாதமாக அமைந்துவிட்டது. திரை லேசாக உப்பியிருக்க, கட்டில் தரையைத் தொடாமல் மிதப்பது போலிருந்தது. சின்னவள் அதைப் படுக்கையில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

ஊரிலிருந்து திரும்பிய அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "ஐயோ, இது எங்க ரூமா? உள்ள வர்றதுக்கு டிக்கெட் ஏதாவது வாங்கணுமா?"

"செருப்ப விட்டுட்டு வா," என்றார் அத்தான். "நான் காலையும் கழட்டி வெச்சுட்டு வரலாமான்னு பாக்கறேன்."

அன்று இரவு அத்தான் அங்கே நன்றாகத் தூங்கினார். மறுநாள் பகலில் எப்படித் தூங்கினாய் என்று அக்காவிடம் கேட்டபோது, "சூப்பர்" என்றாள். அதற்கு மறுநாளும் "சூப்பர்".

இருபத்திமூன்றாம் தேதி டைல்ஸ் கடையில் தண்ணீர்க் குழாய் வெடித்து, வந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சின்னவள் ஒன்பதரைக்கே வீடு திரும்பினாள். வேலை நாளில் அந்த நேரத்தில் அவள் அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. நாற்காலிகள் எல்லாம் யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல் இருந்தன. தண்ணீர்க் குடத்தின் நிழல் சுவரில் மிக மெதுவாக அசைந்தது. வேறு யாருடைய வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்ட மாதிரி, விரல் நுனியில் நடந்தாள்.

அப்போது மாடிப்படிக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பதறாதீங்க. மூச்சு இருக்கா பாருங்க. எந்தத் தெரு?"

அக்காவின் குரல்தான். தூக்கத்தில் பேசுவது அவளுக்கு வழக்கம். ஆனால் அந்தக் குரல் மாடியிலிருந்தல்லவா வர வேண்டும்? படிக்கு அடியில் இருப்பது சாமான் போடுகிற அறை. சின்னவள் அதன் சிறிய கதவை இழுத்தாள். மூன்று சூட்கேஸ்களுக்கும் ஒரு பழைய மேசை விசிறிக்கும் நடுவில், யோகா செய்யும் பாயை விரித்து, முழங்காலை மார்போடு மடக்கி, கண்ணின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு அக்கா படுத்திருந்தாள்.

கதவை மூடிவிட்டுச் சின்னவள் மாடிக்குப் போனாள். அறை எரிந்துகொண்டிருந்தது. கிழக்கு வெயில் திரையை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் உள்ளே வந்து, எதிர்க் கண்ணாடியில் மோதி, திரும்பி நேராகத் தலையணையில் விழுந்தது. நாலு வெள்ளைச் சுவர்களும் அதை மாற்றி மாற்றி எறிந்து விளையாடின. படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. அவள் அதில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினாள். இமைக்குள் சிவப்பு. புரண்டு படுத்தாள். அங்கும் சிவப்பு. பத்து நிமிடம் அந்தச் சிவப்புக்குள்ளேயே கிடந்தாள். எழுந்தபோது, தான் அழகில்லை என்று பிடுங்கி எறிந்த ஒவ்வொன்றும் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று அவளுக்கு வரிசையாகப் புரிந்தது: பீரோ, கம்பளி, பஞ்சுத் துண்டு, அந்த டீ நிறம்.

மூன்றரைக்கு அக்கா எழுந்து வந்தாள். சின்னவள் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, சீக்கிரமே வந்துட்ட?"

"எத்தன நாளா அங்க தூங்கற?"

அக்கா கொட்டாவி விட்டபடி கெட்டிலைப் போட்டாள். "எங்க?"

"நடிக்காத. சூட்கேஸ் பக்கத்துல."

"ஊர்லேருந்து வந்ததுலேருந்துதான். இப்ப என்ன? இருபத்தெட்டு வரைக்கும்தானே. அந்த மேடம் நேர்ல வந்து பாக்கறேன்னு சொல்லிட்டா? ரூம் கலையாம இருக்கணும்ல."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீ அந்த போட்டோவ வெச்சுக்கிட்டுத் தூங்கினியே, அதப் பாத்ததுக்கு அப்புறம் எப்படிச் சொல்றது?"

கெட்டில் கொதிக்கத் தொடங்கியது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நேத்து ஒருத்தர் கூப்ட்டாரு. தெருப் பேர், வீட்டு நம்பர் எல்லாம் சொன்னாரு. எழுதிட்டேன். அடுத்த நொடி பாத்தா, என் எழுத்தே எனக்குப் படிக்கத் தெரியல. திரும்பச் சொல்லுங்கன்னு கேட்டேன். அவரு அழுதுட்டாரு. ஒண்ணும் ஆகல. வண்டி நேரத்துக்குப் போயிடுச்சு." இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்தாள். "ஆனா இனிமே ரொம்ப நாள் முடியாதுடி."

சின்னவள் எழுந்து போய் அளவு நாடாவை எடுத்து வந்தாள்.

"மறுபடியுமா?" என்றாள் அக்கா.

மறுநாள் கடைக்கு விடுப்பு சொல்லிவிட்டு, ஒன்பது மணிக்கு மாடி அறையில் போய் உட்கார்ந்தாள். அக்காவைத் தன் கட்டிலில் படுக்கவைத்து, கீழே தன் அறை ஜன்னலைப் பழைய கம்பளியால் மூடியிருந்தாள். மேலே ஜன்னலை அட்டைகளால் அடைத்துவிட்டு, நோட்டுப் புத்தகத்துடன் தரையில் காத்திருந்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் திருட்டுத்தனமாக வருகிற இடங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. சட்டத்தின் வலது ஓரம். சாவித் துவாரம். கதவின் அடி. மின்விசைப் பலகையில் எப்போதும் எரியும் பச்சைப் புள்ளி. பதினேழு வரை எண்ணினாள். நேரம் போகப் போக அவை நகர்ந்தன. ஒன்று தேய்ந்து மறைந்தால், இன்னொன்று வேறோர் இடத்தில் பிறந்தது. பதினொன்றே காலுக்குச் சாவித் துவாரத்து வெளிச்சம் சுவரில் ஒரு பொத்தானாக ஏறி, அவள் முழங்கையில் உட்கார்ந்துவிட்டுப் போனது. அந்த இருட்டில் அவளுக்குத் தன் பதினொரு அறைகளில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. கை வைத்த இடமெல்லாம் அறையாக இருந்தது. சுவர் சில்லென்றிருந்தது. தரையின் ஒரு மூலை மட்டும் வெதுவெதுப்பாக, யாரோ சற்று முன் உட்கார்ந்திருந்த இடம் போல இருந்தது. அந்த மூலைக்கு நேர் கீழே சமையலறை என்பது பிறகுதான் உறைத்தது.

மூன்று நாளில் அறை மாறியது. சுவர்கள் ஈரமான கரும்பலகையின் நிறமாயின. கண்ணாடி கீழே போனது. ஜன்னலுக்கு இரண்டு பலகைகளை ஒன்றன் பின் ஒன்றாக, நடுவில் நாலு விரல் இடைவெளி விட்டுப் பொருத்தினாள். வெளிப்பலகைக்கு அடியில் திறப்பு, உள்பலகைக்கு மேலே திறப்பு, இடையில் கறுப்புப் பூச்சு. காற்று வளைந்து உள்ளே வரும். வெளிச்சத்துக்கு வளையத் தெரியாது. அத்தான் மாலைகளில் வந்து பலகை ஓரங்களுக்குக் கம்பளிப் பட்டையும் கதவடிக்குத் தூரிகைப் பட்டையும் ஒட்டினார்.

"லிஃப்ட் கதவுக்குப் போடற பட்டைய பொண்டாட்டி தூக்கத்துக்குப் போட்டவன் உலகத்துலயே நான் ஒருத்தன்தான்," என்றார். "இனிமே என் ஷிஃப்ட்டுலயும் விடிஞ்சது தெரியாது. வேலைக்கு லேட்டானா உங்கிட்டத்தான் லெட்டர் கேப்பேன், டேப்பு."

கதவிலிருந்து கட்டில் வரை சுவரில் இடுப்புயரத்துக்கு ஒரு மரச்சட்டம் ஓடியது, விளக்குப் போடாமல் தடவிக்கொண்டே போவதற்கு. பீரோவின் கைப்பிடிகளில் ஒன்றுக்குத் துணி சுற்றி, இன்னொன்றை வெறுமனே விட்டாள். அக்கா கண்ணைத் திறக்காமலே தன் துணி எது, அத்தானுடையது எது என்று எடுத்துவிடலாம்.

இருபத்தேழாம் தேதி காலை எட்டே முக்காலுக்கு அக்கா அதற்குள் போனாள். போட்டோக்காரரிடம் இரவல் வாங்கிய கேமராவும் முக்காலியும் கட்டிலின் கால்மாட்டில் ஏற்கெனவே காத்திருந்தன. அவர் கொடுக்கும்போதே சிரித்திருந்தார். "எதப் படம் எடுக்கப் போறீங்க? மூடியக் கழட்ட மறந்துட்டு எடுத்த மாதிரி வரும். சரி, பத்து நிமிஷம் திறந்து வெச்சுப் பாருங்க. கிடைக்கறது கிடைக்கட்டும்."

அக்காவின் மூச்சு சீரானதும் சின்னவள் உள்ளே போய்ப் பலகையின் மேல் திறப்பை ஒரு நூல் அளவு தளர்த்தினாள். பிறகு பொத்தானை அழுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பத்து நிமிடம். மூச்சு வந்தது, போனது. தெருவில் ஏதோ வண்டி போகும் ஓசை தண்ணீருக்கு அடியில் கேட்பது போலக் கேட்டது. படம் வந்ததைப் பார்த்துத் திடுக்கிட்டாள். கேமரா பத்து நிமிடமாகச் சேர்த்த துளி வெளிச்சத்தில் அறை பளிச்சென்று தெரிந்தது. மாலை நாலரை மணி! அழித்தாள். ஐந்து நிமிடம், மூன்று, ஒன்று என்று குறைத்துக்கொண்டே வந்தாள். நாற்பது விநாடியில் எடுத்தது, அவள் கண் பார்த்ததைப் போலவே இருந்தது. ஏறக்குறைய கறுப்பு. உற்றுப் பார்த்தால் மரச்சட்டத்தின் கோடு. இன்னும் பார்த்தால், போர்வையின் மேடு. அந்த மேடு மட்டும் ஓரங்களில் கலங்கியிருந்தது. நாற்பது விநாடிகள் அக்கா மூச்சு விட்டிருக்கிறாள்.

அன்று அக்கா மூன்றரைக்கு எழவில்லை. நாலே கால் ஆகியும் எழவில்லை. நாலரைக்குக் கன்னத்தில் தலையணைக் கோடுகளோடு இறங்கி வந்து, "இன்னிக்கு என்ன கிழம?" என்று கேட்டாள்.

மேசையில் இரண்டு படங்களும் அச்சிட்டுக் கிடந்தன. அக்கா வெள்ளைப் படத்தைத் தங்கையின் பக்கம் நகர்த்தினாள். "இத எடுத்துட்டுப் போ. போட்டோவ நீ வெச்சுக்கோ, ரூம நான் வெச்சுக்கறேன். கணக்கு சரியாப் போச்சு."

"அது இப்ப இல்லாத ரூம்கா."

"இருந்துச்சுல்ல?"

"என் லைசென்ஸ்ல இருக்கற போட்டோவப் பாரு," என்றார் அத்தான். "தல நெறைய முடி. போலீஸ்காரன் என்னிக்காவது, எங்கய்யா முடின்னு கேட்டிருக்கானா?"

சின்னவள் இரண்டையும் எடுத்துக்கொண்டாள். மறுநாள் பஸ்ஸில் போகும்போது எந்த அறைக்குள்ளும் போகவில்லை. தொகுப்பை மடியில் வைத்து, கடைசிப் பக்கத்தில் ஒன்றைச் செருகினாள், எடுத்தாள், இன்னொன்றைச் செருகினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "பரீட்சையாம்மா?" என்று கேட்டு, தன் பையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துக் கொடுத்தாள்.

நிறுவனத்தில் நீண்ட மேசை. ஒரு முனையில் இரண்டு பேர் துணி மாதிரிகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். தலைமை வடிவமைப்பாளர் ஐம்பது வயதுப் பெண். கொண்டையில் ஒரு பென்சில். பதினொரு அறைகளையும் சீட்டுக் கலைப்பது போல் தள்ளிக்கொண்டே வந்து, கடைசிப் பக்கத்தில் நின்றார். கறுப்புப் படம்.

"பிரிண்ட் கெட்டுப் போச்சா?"

"இல்ல மேடம். ரூமே அவ்வளவுதான். என் அக்கா நைட் டியூட்டி. பகல்ல தூங்கறவங்களுக்குச் செஞ்ச ரூம்."

அவர் படத்தைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு நிமிர்த்தினார். "இது என்ன கோடு?"

"கை வெச்சுட்டே நடந்து போறதுக்கு."

"காத்து?"

சின்னவள் ஒரு தாளின் பின்பக்கத்தில் இரண்டு பலகைகளையும் வரைந்து காட்டினாள். அவர் கொண்டைப் பென்சிலை உருவி, படத்தில் வெளிப்பலகையை ஒரு விரல் கீழே நீட்டினார். "இல்லேன்னா மழையில நனையும். இதுக்கு முன்னாடி ரூம் எப்படி இருந்துச்சு?"

கை ஒரு கணம் பையிலேயே நின்றது. பிறகு வெள்ளைப் படத்தை எடுத்து வைத்தாள்.

"இதையும் நான்தான் செஞ்சேன் மேடம். போட்டோ எடுத்த நேரம் பாத்துச் செஞ்சேன், தூங்கற நேரம் பாக்கல. ஒரு வாரம் அக்கா இதுல படுக்கவே முடியாம, படிக்கட்டுக்கு அடியில சூட்கேஸோட தூங்கினா."

"உங்ககிட்டச் சொல்லலியா?"

"சூப்பர்னு சொன்னா."

அவர் வெள்ளைப் படத்தை நிதானமாகப் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்கு. இத மட்டும் காட்டியிருந்தா அப்பவே எடுத்திருப்பேன்."

"தெரியும் மேடம்."

அவர் மீண்டும் கறுப்புப் படத்தைக் கையில் எடுத்தார். இம்முறை வெகுநேரம் வைத்திருந்தார். "இங்க யாரோ படுத்திருக்காங்க," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டே, தன்னை அறியாமல் வாயைப் பிளந்து ஒரு பெரிய கொட்டாவி விட்டார். கையால் மறைப்பதற்குள் முடிந்துவிட்டது. கோபத்தோடு படத்தை மேசைமுனைக்குத் தள்ளினார். துணி வெட்டிக்கொண்டிருந்த இருவரும் அதன் மேல் குனிந்தார்கள். முதலில் ஒருவர், பிறகு மற்றவர். ஒருவர் கண்ணைக் கசக்கினார். இன்னொருவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கொட்டாவி விட்டார்.

"அதக் கவுத்து வைங்க!" என்றார் தலைமை வடிவமைப்பாளர். சின்னவளைப் பார்த்து, "நீங்க திங்கக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு வந்துடுங்க. இப்பக் கிளம்புங்க. எங்களுக்கு வேலை ஆகணும்," என்றார்.

தெருவுக்கு வந்ததும் போனை எடுத்து அக்காவின் எண்ணைத் தேடிப் பிடித்தவள், அழுத்தப் போகும் நேரத்தில் மணியைப் பார்த்தாள். பதினொன்றரை. அத்தான் எந்த லிஃப்ட்டின் கூரைமேல் நிற்கிறாரோ, எடுக்க மாட்டார். பஸ் வந்தது, ஏறினாள். ஜன்னலோர இடம் கிடைத்தது. போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். அக்கா எழுந்திருக்க இன்னும் நாலு மணி நேரம் இருந்தது.